பழைய மங்குச் சாமானைப் பரணிலிருந்து இறக்குங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வெளியூர்க்காரர்கள் வந்தால் தேக்குத் தூணுக்கும் பெல்ஜியம் கண்ணாடிக்கும்தான் விலை கேட்பார்கள். நான் குனிந்து பார்ப்பது கடை வாசலில், தரையில் அடுக்கிக் கிடக்கும் மங்குச் சாமானை: பீங்கான் தட்டு, கோப்பை, கிண்ணம், ஊறுகாய் ஜாடி, கூடவே எனாமல் தூக்கு. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று வட்டித் தொழிலுக்குப் போனவர்கள் கப்பலில் கொண்டுவந்தது. கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது நடு இடம் பிடித்த பொருளெல்லாம் இன்று செய்தித்தாள் சுற்றிப் பரணில் கிடக்கிறது, இல்லாவிட்டால் எடைக்குப் போகிறது. கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவதும் எனக்குப் பிடிப்பதில்லை. ஆள் வரும்போது வெளியே வரவேண்டும்.

கையில் எடுத்ததும் சுண்டிப் பாருங்கள். தட்டை விரல் நுனிகளில் ஏந்திக்கொண்டு, விளிம்பில் நகத்தால் ஒரு சுண்டு. ‘ணங்’கென்று நீண்டால் நல்லது. ‘டொக்’கென்று அடங்கினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம். மண் அதிகம் கலந்த தடித்த தட்டு இயல்பிலேயே மந்தமாகத்தான் பேசும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பின்னாலிருக்கும் விரல் நிழலாகத் தெரிகிறதா? அப்படியானால் அசல் போர்சலின்.

அடுத்தது, கவிழ்த்து அடியைப் பார்ப்பது. அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று இருக்க வேண்டும் என்ற சட்டம் 1891-இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. அதனால் ‘இங்கிலாந்து’ என்று முத்திரை இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்றால் பொதுவாக 20-ஆம் நூற்றாண்டு. ஜப்பான் சாமானில் ‘நிப்பான்’ என்று இருந்தால் 1921-க்கு முன். ‘ஆக்குபைட் ஜப்பான்’ என்றால் இரண்டாம் உலகப் போர் முடிந்து 1952-க்குள். முத்திரையே இல்லாத நல்ல சாமானும் உண்டு, அதற்காக ஒதுக்க வேண்டாம். “ஆச்சி, இது நூத்தம்பது வருஷத்துச் சாமான்” என்று ஒரு கடைக்காரர் நீட்டிய தட்டின் அடியில் ‘மைக்ரோவேவ் சேஃப்’ என்று இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்குத் திருப்பிக் காட்டினேன். அவரும் சிரித்துவிட்டார்.

எங்கள் பக்கம் அதிகம் கிடைப்பது நீலம்-வெள்ளை வில்லோ தட்டு. ஒரு வில்லோ மரம், பாலத்தின் மேல் மூன்று பேர், மேலே இரண்டு பறவை. பார்த்தால் சீனா, வரைந்தது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்காரன். தட்டை மெதுவாகச் சுற்றி, விளிம்புப் பட்டையையே கவனியுங்கள். ஓரிடத்தில் கோலம் சேராமல் வெட்டுப்பட்டு நிற்கும். செப்புத் தகட்டிலிருந்து மெல்லிய தாளில் மையை எடுத்துத் தட்டில் ஒட்டியபோது தாளின் இரண்டு முனை சந்தித்த இடம் அது. குறையென்று நினைத்துப் பேரம் பேசாதீர்கள். நான் அந்த ஒட்டைத் தேடித்தான் வாங்குகிறேன்.

இனி முக்கியமானது. பழைய மெருகில் ஈயம் இருக்கலாம். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் பூச்சில் காட்மியமும் இருக்கலாம். புளிப்பும் சூடும் அதை வெளியே இழுக்கும். எனவே புளிக்குழம்பு, ரசம், தயிர், ஊறுகாய், எலுமிச்சைச் சாறு எதுவும் பழைய மங்கில் வேண்டாம். பரிசோதித்து உறுதியாகாத கோப்பையில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எதுவும் ஊற்ற வேண்டாம். மெருகில் மயிரிழை வெடிப்பு வலை மாதிரி ஓடியிருந்தால் அது பார்வைக்கு மட்டும். எனாமலில் சில்லு பெயர்ந்து இரும்பு தெரிந்தால் அதில் சாப்பாடு கிடையாது. உள்ளே டம்ளரை வைத்துப் பூ வையுங்கள்.

அப்புறம் எதைத்தான் பரிமாறுவது? உலர்ந்த பலகாரம். தட்டைக் கவிழ்த்து வாழையிலை மேல் வைத்து, சுற்றிக் கத்தரியால் நறுக்கினால் வட்ட இலை வந்துவிடும். விளிம்பு தெரியும்படி இன்னும் ஒரு அங்குலம் குறைத்து, தட்டுக்குள் விரித்து, அதன்மேல் முறுக்கு, மனகோலம், சீப்புச்சீடை. பச்சைக்கு வெளியே நீலக் கரை மட்டும் தெரியும்போது அழகு தனி. பலகாரம் தட்டில் படாது, எண்ணெயும் இறங்காது. சட்னியும் சாம்பாரும் எவர்சில்வர் கிண்ணத்தில் பக்கத்திலேயே இருக்கட்டும், அதில் வெட்கம் எதற்கு? காபிக்கு எப்போதும் டபராதான்.

ஒரே செட்டாகக் கிடைக்குமா என்று அலையாதீர்கள். எட்டுப் பேர் வந்தால் எட்டு விதமான தட்டு போடுங்கள், ஆனால் நிறம் ஒன்றாக இருக்கட்டும். என் மேஜையில் எல்லாம் நீலம். ரோஜாப்பூப் போட்ட தட்டு ஒன்றே ஒன்று, அது நடுவில் பழத்துக்கு. மேஜை விரிப்பு வெள்ளை வேட்டி போதும்.

பெரிய பழுப்பு ஜாடி வாசலுக்குப் போகட்டும். இந்த மாதிரிக் கனத்த ஜாடிகளுக்குப் பர்மாவின் மர்த்தபான் துறைமுகம் பேர் போனது. 14-ஆம் நூற்றாண்டிலேயே மொராக்கோ பயணி இபின் பதூதா இந்த ஜாடிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அடியில் நாலு விரற்கடை மணல் கொட்டினால் குடையைச் சாய்த்து வைத்தாலும் புரளாது. பூவோ கிளையோ வைப்பதென்றால் ஜாடிக்குள் நேரே தண்ணீர் ஊற்றாமல், உள்ளே ஒரு பாட்டிலை இறக்குங்கள். கீறல் இருந்தால் ஈரம் ஊறி வெள்ளை உப்புப் பூத்துவிடும்.

சுவரில் மாட்ட ஸ்பிரிங் கம்பிப் பிடி வாங்காதீர்கள், விளிம்பை நெரிக்கும். மரத்தாங்கியில் நிறுத்துங்கள். இடித்த வீடுகளிலிருந்து வரும், சுவரில் பதித்த ஜப்பான் பூ ஓடு ஒன்றிரண்டு கிடைத்தால், அடியில் கம்பளித் துணி ஒட்டி காபி ஜக்கை வைக்கும் பலகையாக்கலாம். இடிக்காமல் இருந்திருந்தால் சுவரிலேயே இன்னும் நன்றாக இருந்திருக்கும், அது வேறு கதை.

விருந்து முடிந்ததும் மங்கைத் தொட்டியில் மொத்தமாகப் போடக் கூடாது. பிளாஸ்டிக் பேசினில் துண்டை விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொன்றாக. கம்பி நார், தேய்க்கும் பவுடர், புளி, பிளீச் எதுவும் வேண்டாம். தங்க ரேக்கு உள்ளதைத் துடைக்கும்போதும் அழுத்தாதீர்கள், மைக்ரோவேவில் வைக்கவே வைக்காதீர்கள். காய்ந்தபின் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே பழைய பருத்தித் துணி. கோப்பையைக் காதைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். முன்பு ஒட்டிய இடம் முதலில் விடுவது அங்கேதான்.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கோ தங்கைக்கோ கொடுத்தனுப்ப நினைத்தால் ஒரு விஷயம். 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்டதைத் தனியாட்கள் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. வயது சந்தேகமாக இருந்தால் பெட்டி கட்டுவதற்கு முன்பே தொல்லியல் துறையிடம் காட்டி, பழம்பொருள் இல்லை என்று சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.