காலையில் வாங்கி மதியம் விற்க: நடுவில் அந்தப் பணம் எங்கிருந்து வரும்?

"அக்கா, கையில் காசில்லாமல் வீட்டை வாங்கி அன்றைக்கே எப்படி விற்கிறீர்கள்?" ஹூஸ்டனில் ஹோல்சேலிங் (வீட்டை மலிவாகப் பேசிப் பிடித்து உடனே இன்னொருவருக்குக் கைமாற்றும் தொழில்) தொடங்கும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்.

அசைன்மென்ட்டில், அதாவது வீட்டை வாங்காமல் கான்ட்ராக்டை மட்டும் கைமாற்றுவதில், முடிகிற டீலுக்கு டபுள் க்ளோசிங் வேண்டாம்: நீங்கள் வாங்குவது ஒரு க்ளோசிங் (கிரயம் முடிப்பது), விற்பது இன்னொன்று. கான்ட்ராக்டைக் கைமாற்ற விற்பவர் சம்மதிக்காதபோது (வங்கி விற்கும் வீடுகளில் இது வழக்கம்) அல்லது லாபம் பெரிதாக இருக்கும்போது மட்டும் இதற்கு வாருங்கள்.

1,80,000 டாலருக்கு வாங்கி 2,05,000-க்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். உங்களிடம் வாங்குபவரின் பணத்தையே எடுத்து முதல் விற்பவருக்குக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இவை இரண்டு தனித்தனி விற்பனைகள். முதலாவதற்குத் தனிப் பணம் கேட்கும் டைட்டில் கம்பெனிகள்தான் (வீட்டின் உரிமையைச் சரிபார்த்து க்ளோசிங்கை நடத்துபவர்கள்) அதிகம். அதற்குத்தான் டிரான்ஸாக்ஷனல் லெண்டர்: அந்த முதல் விற்பனைக்கு மட்டும் மிகக் குறுகிய காலக் கடன் கொடுப்பவர். உங்கள் கிரெடிட் ஸ்கோர் அவருக்குப் பெரிதல்ல. கடைசியில் வாங்குபவரின் பணம் உறுதியா என்பதே முக்கியம். 1.5% கட்டணம் என்றால் 2,700 டாலர். க்ளோசிங் செலவும் இரண்டு முறை. டெக்ஸாஸில் பத்திர மாற்று வரி இல்லை. பென்சில்வேனியாவில் அந்த வரியும் இரண்டு முறை விழும், கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

டைட்டில் கம்பெனியிடம் முதல் நாளே கேளுங்கள்: "ஒரே நாளில் இரண்டு க்ளோசிங் செய்வீர்களா? டிரான்ஸாக்ஷனல் பணத்தை ஏற்பீர்களா?" பிறகு இரண்டு கான்ட்ராக்டுகளையும் டைட்டில் கமிட்மென்ட்டையும் (உரிமைக்குக் காப்பீடு தருவதாக டைட்டில் கம்பெனி கொடுக்கும் ஆவணம்) லெண்டருக்கு அனுப்புங்கள். வாங்குபவர் எஃப்எச்ஏ கடனில் (அமெரிக்க அரசு காப்பீடு தரும் வீட்டுக் கடன்) வந்தால் இது நடக்காது: விற்பவர் வீட்டை வாங்கி 90 நாள் தாண்டியிருக்க வேண்டும் என்பது விதி.

என் மூன்றாவது டீல் ஒரு வெள்ளிக்கிழமை. "லோன் அப்ரூவ்ட்" என்று வாங்குபவர் அனுப்பிய மின்னஞ்சலை நம்பிவிட்டேன். என் லெண்டரின் பணம் காலையிலேயே எஸ்க்ரோவுக்கு (க்ளோசிங் முடியும்வரை டைட்டில் கம்பெனி பணத்தை வைத்திருக்கும் கணக்கு) வந்துவிட்டது; மாலை ஆகியும் வாங்குபவரின் வயர் (வங்கிவழிப் பணம்) வரவில்லை, அதனால் முதல் விற்பனையும் நின்றுவிட்டது. வீட்டுக்காரப் பெரியவர் சாமான்களை வாடகை டிரக்கில் ஏற்றி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். திங்கள்வரை பொறுக்கச் சொல்லி அவரிடம் பேசியது இன்னும் உறுத்துகிறது. லெண்டருக்குக் கூடுதல் நாட்களுக்கான கட்டணம் வேறு.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை க்ளோசிங் வைப்பதில்லை. வாங்குபவரின் கையெழுத்தும் பணமும் முந்தின நாளே டைட்டில் கம்பெனியில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகே என் லெண்டரை வயர் அனுப்பச் சொல்வேன். கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் எஸ்க்ரோ ஆபீசரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். வயர் போனதும் ஃபெட் ரெஃபரன்ஸ் எண்ணை (அந்த வயருக்கான அடையாள எண்) வாங்கி அவருக்கு அனுப்புங்கள். பணம் எங்கே நிற்கிறது என்று அதை வைத்துத் தேடலாம்.