டெக்னோவில் வயதை வைத்துச் செய்யும் தவறுகள்

டெக்னோ என்ற மின்னணு நடன இசையைப் போடக் கற்றுக்கொள்ள, காரைக்குடியில் என் வீட்டுக்கு லேப்டாப்பும் கையுமாக வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் இன்னும் பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவர்கள். போன மாதம் வந்தவன் கொஞ்சம் மூத்தவன். "அண்ணே, எனக்கு இருபத்திரண்டு ஆகிருச்சு. இனிமே லேட்டுதானே?" என்று கேட்டான். முகம் வாடிப்போயிருந்தது.

மற்ற தவறுகளுக்கெல்லாம் வேர் இந்தக் கேள்விதான். டெக்னோவின் முன்னோடிகளில் ஒருவரான, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து ஜுவான் அட்கின்ஸ் 1962ல் பிறந்தவர். அவருடைய சைபோட்ரான் குழுவின் முதல் இசைத்தட்டு 1981ல் வந்தபோது அவருக்கு இருபதுகூட ஆகவில்லை. இதை மட்டும் படித்தால் யாருக்கும் பயம் வரும். ஆனால் 'டெக்னோ' என்ற பெயரே வெளியுலகத்துக்குப் பரவியது 1988ல் லண்டனில் வந்த ஒரு தொகுப்பால்தான். நடுவில் ஏழு வருஷம் ஓடியிருக்கிறது.

நம் நாட்டிலேயே சரண்ஜித் சிங் இருந்தார். பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்தவர். 1982ல், நாற்பதைத் தாண்டிய வயதில், ரோலண்ட் நிறுவனத்தின் 808, 303 என்ற மின்னணு இசைக் கருவிகளை வைத்து ராகங்களை வாசித்து ஒரு தட்டு போட்டார். அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010ல் அது மறுபடி வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அவர் எழுபதை ஒட்டியிருந்தார். இதைச் சொன்னதும் பையன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அடுத்த தவறு, சின்ன வயதில் ஜெயித்தவர்கள் தனியாக ஜெயித்தார்கள் என்று நினைப்பது. டெட்ராய்ட் டெக்னோவின் இன்னொரு முன்னோடியான டெரிக் மேவுக்கு டிஜேயாகத் தட்டு சுழற்றக் கற்றுக்கொடுத்தவரே பள்ளிக்காலத்து நண்பரான அட்கின்ஸ்தான். நம்ம ஊர் மேளத்தில் தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடும் பொடியனைப் பாருங்கள். தவிலைத் தொடுவதற்கு முன்பே காலப்பிரமாணம் அவன் உடம்பில் ஏறிவிடும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளைக்கு அப்படி ஒரு பக்கத்து ஆள் அவசியம் வேண்டும்.

அப்புறம் இடம். நம்ம செட்டிநாட்டு வீட்டுக் கூடமான பட்டாலையில் நின்று ஒரு தடவை கையைத் தட்டிப் பாருங்கள். தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டை வெள்ளைக்கரு கலந்து மெழுகிய பளபளப்பு. சத்தத்தை உறிஞ்ச அங்கே ஒன்றுமே கிடையாது. அந்த இருபத்திரண்டு வயதுக்காரன் அங்கே ஸ்பீக்கரை வைத்துத்தான் பாட்டின் ஒலிகளை அளவு பார்த்து மிக்ஸ் செய்திருந்தான். கிக், அதாவது 'தும் தும்' என்று விழும் அடித்தாளம், உருண்டு உருண்டு பெரிதாகக் கேட்கவே, அதைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறான். அதே பாட்டைத் திருவிழா மைக் செட்டில் போட்டால் கிக் சோகையாக விழுந்தது. தனக்குத் திறமை போதவில்லை என்றே முடிவு கட்டிவிட்டான். மெத்தையும் துணிமணியும் நிறைந்த சின்ன அறைக்கு மாறி, குறைந்த சத்தத்தில் கேட்கச் சொன்னேன்.

சத்தம் பற்றி உரக்கவே சொல்கிறேன், ஏனென்றால் போன காது திரும்பாது. உலக சுகாதார அமைப்பு சொல்லும் கணக்கு: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபலில் வெறும் 4 மணி நேரம். குழந்தைகளுக்கு அந்த 40 மணி நேரமே 75 டெசிபலில்தான். கேட்டு முடித்ததும் காதுக்குள் 'ஙொய்' என்று இரைந்தால், அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

பெரியவர்களும் ஒரு தவறு செய்கிறோம். வயதானால் உச்ச ஒலிகள் காதுக்கு மங்கும். நாற்பதைத் தாண்டிய நான், 'ஹைஹாட் (தாளத்தில் 'ட்ஸ் ட்ஸ்' என்று கேட்கும் சிம்பல் ஒலி) இன்னும் தூக்கலாக இருக்கட்டும்' என்று சொன்னால், அந்தப் பேச்சை அப்படியே நம்பக் கூடாது.

பெற்றோருக்கு ஒன்று. 'குட்டி டிஜே' என்று பேனர் அடித்து மேடை ஏற்றாதீர்கள். வயதைக் காட்டிச் சேர்த்த கூட்டம், பிள்ளைக்கு மீசை முளைத்ததும் கலைந்துவிடும். அந்த அடியைத் தாங்கப்போவது அந்தப் பிள்ளைதான். யாராவது ஒப்பந்தத்தை நீட்டினால், 18 நிறையாதவர் போடும் கையெழுத்து நம் சட்டப்படி செல்லாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களே உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள்.

அந்தப் பையன் நேற்று வந்தான். கிக் இப்போது நெஞ்சில் விழுகிறது. ஹைஹாட்தான் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் தன் தம்பியிடம் போட்டுக் காட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.