'டோக்கியோ ட்ரிஃப்டர்' பார்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

ஜப்பானிய இயக்குநர் செய்ஜுன் சுசுகியின் 'டோக்கியோ ட்ரிஃப்டர்' (1966) ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. அதையும் பாதியில் நிறுத்திவிட்டு "தலையும் புரியல, வாலும் புரியல" என்பவர்கள் உண்டு. கதையைத் துரத்திக்கொண்டே பார்ப்பதுதான் கோளாறு. யகூசா (ஜப்பானிய தாதா கும்பல்) தொழிலை விட்டுவிட்ட தலைவன் குராட்டா, அவனுக்காக உயிரையும் கொடுக்கக்கூடிய டெட்சு, இருவரையும் விடாத எதிரி ஓட்சுகா, டெட்சு ஊர் ஊராக ஓடுவது. அவ்வளவுதான் கதை. எந்த ஊருக்கு எப்படிப் போனான் என்று கணக்குப் பார்க்காதீர்கள். போகும் வழியைக் காட்டும் ஷாட்டுகளைச் சுசுகி வேண்டுமென்றே விட்டுவிடுவார்.

அதை "எடிட்டிங் சொதப்பல்" என்று எழுதுவது அடுத்த தவறு. அன்றைய நிக்காட்சு ஸ்டூடியோவில் இந்த ரகப் படத்துக்குக் கிடைத்தது ஆயத்தத்துக்கு ஒரு வாரம், படப்பிடிப்புக்கு 25 நாள், அதன்பின் வேலைகளுக்கு 3 நாள். திரைக்கதையும் நாயகனும் மேலிடத்திலிருந்து வரும். டெட்சுவாக நடித்த டெட்சுயா வதாரியை நட்சத்திரமாக்க வேண்டும், தலைப்புப் பாட்டு ஹிட்டாக வேண்டும். இயக்குநர் கைவைக்க மிஞ்சியது நிறம், செட், வெட்டு. அதனால்தான் கலை இயக்குநர் டகேயோ கிமுராவின் பெயரை விட்டுவிட்டுச் சுசுகியை மட்டும் கொண்டாடும் விமர்சனம் அரைகுறை. கடைசிச் சண்டை நடக்கும் வெள்ளை வெளேரென்ற கிளப்பைப் பாருங்கள்: மறைந்துகொள்ள இடமே கிட்டத்தட்ட இல்லை, நிற்பவன் தனியாகத் தெரிகிறான்.

டிவி செட்டிங்கிலும் கெடுத்துக்கொள்கிறார்கள். படத்தின் தொடக்கம் கறுப்பு வெள்ளை. வெள்ளை எரிந்துபோய், கறுப்பு மையாகக் கொட்டியதுபோல் இருக்கும். நடுவே ஒரு பொம்மைத் துப்பாக்கி மட்டும் சிவப்பாகத் தெரியும். பிரிண்ட் பழுது என்று நினைத்து பிரைட்னஸைக் குறைத்தால் அந்த அதிர்ச்சியே போய்விடும். 'விவிட்' மோடும் வேண்டாம். டெட்சுவின் வெளிர்நீல சூட் பளீர் நீலமாகிவிடும். ஜூம் போட்டுத் திரையை நிரப்புவது அதைவிட மோசம். படம் 2.35:1 அகலத்தில் எடுக்கப்பட்டது, 16:9 டிவியில் நிரப்பினால் அகலத்தில் கிட்டத்தட்ட கால்வாசி வெட்டுப்படும். ஆட்களை ஓரங்களில் நிறுத்துவது சுசுகியின் பழக்கம், அவர்கள்தான் முதலில் காணாமல் போவார்கள். கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் இருந்துவிட்டுப் போகட்டும்.

நிறங்களுக்கு அகராதி போடுவது விமர்சகர்களின் வியாதி. சிவப்பென்றால் ரத்தம், மஞ்சள் என்றால் துரோகம் என்று பட்டியல் போட்டால் இரண்டாவது காட்சியிலேயே பொருந்தாமல் போகும். ஜப்பானின் மரபு நாடகமான கபுகியின் மேடையில் வரும் திடீர் மாற்றங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பலன் தரும்.

இந்தப் படத்துக்காகத்தான் சுசுகியை வேலையை விட்டுத் தூக்கினார்கள் என்று இணையத்தில் அடிக்கடி வரும். தவறு. தூக்கியது 1968-ல், அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'பிராண்டட் டு கில்' படத்துக்குப் பிறகு. புரியாத படம் எடுக்கிறார் என்பது ஸ்டூடியோ தலைவர் சொன்ன காரணம். சுசுகி வழக்குப் போட்டார். 1971-ல் சமரசம் ஆனாலும் அடுத்த படத்தை இயக்க அவருக்கு 1977 வரை ஆனது. முதல்முறை சுசுகி பார்ப்பவர்கள் கறுப்பு வெள்ளைப் படமான 'பிராண்டட் டு கில்'லிலிருந்து தொடங்க வேண்டாம், அதில் கதையின் நூல் இன்னும் மெலிது. 1963-ல் வந்த 'யூத் ஆஃப் த பீஸ்ட்' முதலில், பிறகு இது, பிறகு அது.

'டோக்கியோ ட்ரிஃப்டர்' பெயரில் அதே 1966-ல் ஒரு தொடர்ச்சியும் வந்தது. அதை இயக்கியவர் சுசுகி இல்லை. அவர் படம் என்று நம்பித் தேடிப் பிடிக்காதீர்கள்.