செய்யாத தவறுக்குப் பொலிஸார் மறித்தால்: கொழும்பில் வாகனம் ஓட்டுபவர்களுக்கு

வெள்ளவத்தையில் காலி வீதியிலோ, கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தெருக்களிலோ பொலிஸார் கையைக் காட்டி மறித்தால், தவறு நம்முடையதா இல்லையா என்று யோசிப்பதற்கு முன்னர் சமிக்ஞை போட்டு இடப்பக்கமாக ஒதுங்கி நிறுத்திவிடுங்கள். நிறுத்தாமல் போவது தனியொரு குற்றம். அதன் பிறகு முதலில் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு எவ்வளவு பொய்யாக இருந்தாலும் நம் பக்கத்து நியாயம் எடுபடாது. இரவென்றால் உள்விளக்கைப் போட்டு, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்திருங்கள். சோதனைச் சாவடிகளின் காலத்தை இந்த நகரத்தில் கடந்து வந்த நம்மில் பலருக்குச் சீருடையைக் கண்டதும் இன்றைக்கும் நெஞ்சு படபடக்கிறது. அந்தப் படபடப்பில்தான், செய்யாத தவறையும் ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அப்படி வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சாரதி அனுமதிப்பத்திரம், வாகனத்தின் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் கேட்டவுடன் கொடுங்கள். இதில் வாக்குவாதத்துக்கு இடமில்லை. கொடுத்த பின்னர், என்ன தவறுக்காக மறித்தார்கள் என்று அமைதியாகக் கேளுங்கள். சிங்களத்தில் கேட்பதென்றால் "வரத மொகக்த, சேர்?" என்பது போதும். பதில் வந்ததும், "நான் அப்படிச் செய்யவில்லை" என்பதை ஒரே ஒரு தடவை, தெளிவாகச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பச் சொன்னால் அது சண்டையாகிவிடும். இன்னொன்று: பேச்சுவழக்கில் நாம் எதற்கெடுத்தாலும் "சொறி சேர்" என்று தொடங்குகிறோம். மரியாதைக்காகச் சொன்ன அந்தச் சொல், குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகவே எதிரில் நிற்பவரின் காதில் விழும். அந்த நேரத்திலேயே அலுவலரின் சீருடையிலுள்ள இலக்கத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மது அருந்தியிருக்கிறீர்களா என்று ஊதிப் பார்க்கும் குழாயை நீட்டினால் மறுக்க வேண்டாம்; மறுப்பதே குற்றமாகக் கொள்ளப்படும்.

மொழி விடயத்தில் தயங்கவே வேண்டாம். அரச அலுவலர் ஒருவருடன் தமிழில் தொடர்புகொள்ளவும் அவரிடமிருந்து தமிழில் பதில் பெறவும் உள்ள உரிமையை, அரசியலமைப்பின் மொழி பற்றிய அத்தியாயம் நமக்குத் தந்திருக்கிறது. வீதியோரத்தில் அது முழுமையாகக் கிடைக்காமல் போகலாம். கேட்காமல் இருந்தால் ஒருபோதும் கிடைக்காது. "தெமளென் கதா கரன்ன புளுவன் கெனெக் இன்னவாத?" என்று கேட்டால், தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா என்று பொருள். கோபமில்லாமல் கேட்கப்படும் இந்தக் கேள்விக்குப் பல அலுவலர்கள் நல்ல முறையிலேயே பதில் சொல்வார்கள்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், என் மச்சானுக்கு நடந்த ஒரு சம்பவம். ஒரு சந்தியில் கலர் லைட் சிவப்பாக இருக்கும்போது கடந்துவிட்டதாகச் சொல்லி அவரை மறித்தார்கள். பச்சை விளக்கில்தான் வந்தேன் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. கொடுத்த தண்டப்பணச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். இரவு பக்கத்து வீட்டு அண்ணர் அந்தச் சிங்களக் கையெழுத்தை விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தபோதுதான், சிவப்பு விளக்கைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை என்பது தெரிந்தது. எழுதியிருந்தது வேறொரு குற்றம், சந்தியின் பெயரும் வேறு. அங்கேயே நின்று வாசிப்பித்திருந்தால் உடனே சுட்டிக்காட்டியிருக்கலாம். ஆகவே சீட்டு கைக்கு வந்ததும், வாகனத்தை எடுப்பதற்கு முன்னர், குற்றம், இடம், நேரம், வாகன இலக்கம் ஆகிய நான்கையும் சரிபாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் அலுவலரையே வாசித்துக்காட்டச் சொல்லுங்கள், அல்லது படமெடுத்துத் தெரிந்த ஒருவருக்கு அனுப்புங்கள்.

அவர்கள் போன பின்னர் அந்த இடத்தையும் படமெடுங்கள். அழிந்துபோன வெள்ளைக் கோடு, மரக்கிளை மறைத்த பலகை, அலுவலர் நின்ற இடத்திலிருந்து விளக்கு தெரியுமா தெரியாதா என்பது, இவையெல்லாம் மறுநாள் உங்கள் நினைவில் மங்கிவிடும். வாகனத்தில் கமரா பூட்டியிருந்தால் அன்றைய பதிவை உடனே வேறிடத்தில் சேமியுங்கள். பல கமராக்கள் பழைய பதிவின் மேல் புதியதை எழுதிவிடும்.

இனித் தண்டப்பணம். அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு தரும் சீட்டே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரமாகச் செல்லும். அந்த 14 நாட்களுக்குள் தபாலகத்தில் கட்டலாம். தவறினால் 28 நாட்கள் வரை இரட்டிப்பாகக் கட்ட வேண்டும். அதற்கும் பிறகு நீதிமன்றம். 2025 முதல் அரசாங்கத்தின் இணையவழிக் கட்டண முறையான கவ்பே (GovPay) மூலம் வீதியில் நின்றபடியே கைப்பேசியில் கட்டும் வசதியும் வந்திருக்கிறது. வசதிதான், ஆனால் தவறு செய்யாதவர் அவசரப்பட்டு அதைத் தொடக் கூடாது. பணம் கட்டியதும் விடயம் முடிந்துவிடுகிறது. பின்னர் "நான் செய்யவில்லை" என்று வாதிட இடமில்லை. எதிர்ப்பதென்று முடிவுசெய்தால் கட்டாமல் இருந்து, குறித்த திகதியில் நீதவான் முன்னிலையில் குற்றவாளியல்ல என்று சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு நாள் வேலை கெடும், சட்டத்தரணிக்குச் செலவாகும், அனுமதிப்பத்திரம் கைக்கு வரத் தாமதமாகும். சிறிய தொகைக்கு இது தேவையா என்று ஒவ்வொருவரும் தம் நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கலாம். கட்டிவிடுபவரை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் 14 நாள் முடிந்த சீட்டுடன் வாகனம் ஓட்டாதீர்கள்.

சீட்டு எழுதாமல் வேறு வழியில் "முடித்துக்கொள்வோம்" என்று சைகை காட்டினால், சீட்டையே எழுதித் தரும்படி கேளுங்கள். இலஞ்சம் வாங்குவதைப் போலவே கொடுப்பதும் குற்றம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

கைது செய்வதாகச் சொன்னால், காரணத்தை அறியும் உரிமை அரசியலமைப்பின் 13ஆவது உறுப்புரையில் இருக்கிறது. உடலால் எதிர்க்காதீர்கள், எந்தப் பொலிஸ் நிலையம் என்று கேட்டு வீட்டுக்கு அறிவியுங்கள். பெண்ணின் உடலைச் சோதனையிடுவதென்றால் ஒரு பெண்ணே அதைச் செய்ய வேண்டும்.

நடந்தது வெறும் தவறல்ல, அவமதிப்பு அல்லது துன்புறுத்தல் என்றால், பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுத்தில் முறையிடலாம்; 1996 என்ற இலக்கத்தில் மனித உரிமைகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள்: திகதி, நேரம், இடம், அலுவலரின் இலக்கம், அவர் சொன்ன சொற்கள், நீங்கள் சொன்ன பதில், இந்த ஒழுங்கில், ஊகங்களைச் சேர்க்காமல். அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாத அவகாசமே உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்த அவகாசத்தில் சேர்க்கப்படாது. எனவே, முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி, தண்டப்பணச் சீட்டின் பிரதியுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.