வெங்காயச் செல்லும் கன்னத்துச் செல்லும்: பார்த்துப் படிக்கும் முறை

பல்லடம், தாராபுரம் பக்கம் விளையும் சின்ன வெங்காயத்தைவிட இதற்குப் பெல்லாரியே வசதி. தோல் அகலமாக உரியும். செதிலின் உட்புறத்திலிருந்து மெல்லிய தோலை உரித்து, கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டு நீரில் மடிப்பில்லாமல் விரியுங்கள். ஒரு சொட்டு சாஃப்ரானின் என்ற சிவப்புச் சாயம் விட்டு, மூடுவில்லையைச் சாய்த்து மெதுவாக இறக்குங்கள். நேராகப் போட்டால் காற்றுக்குமிழ் சிக்கும். கருவட்டமாகத் தெரியும் அதைத்தான் பலர் உட்கரு என்று வரைந்துவிடுகிறார்கள்.

நுண்ணோக்கியில் முதலில் 10 மடங்கு பொருளருகு வில்லை, பிறகு 40. செங்கல் அடுக்கியது போன்ற கோடுகள் செல்சுவர். வடிவம் காப்பது அதுவே. நடுவிடத்தை நுண்குமிழ் என்ற நீர்ப்பை நிரப்பி, நீரைச் சேமித்து விறைப்புத் தருகிறது. அதனால் உட்கரு ஓரம் ஒதுங்கும். செல்சவ்வு சுவரோடு ஒட்டியிருப்பதால் தனியே தெரியாது. 100 மி.லி. நீரில் 5 கிராம் உப்புக் கரைத்து, செதிலின் சிவந்த வெளிப்புறத் தோலைச் சாயமின்றி அதில் வைத்துப் பாருங்கள்: நீர் வெளியேறி, சவ்வு சுவரைவிட்டு விலகும். மிக அழகான காட்சி இது!

பசுங்கணிகத்தை வெங்காயத்தில் தேடாதீர்கள். வெங்காயம் மண்ணுக்குள் வளர்வது. பசுங்கணிகம் குளத்து வேலம்பாசி இலையில் பச்சை மணிகளாகத் தெரியும், ஒளிச்சேர்க்கை அங்கே.

விலங்குச் செல்லுக்கு, வாய் கொப்பளித்து, சுத்தமான பல்குத்தியால் உள்கன்னத்தை லேசாக வழித்து, மெத்திலீன் நீலம் இடுங்கள். சுவரில்லை, ஒழுங்கற்ற உருவம், நடுவே உட்கரு. ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா இந்தச் சாயத்தில் தெரியாது.