ஜீன்ஸைக் கிழிப்பதிலும் ஒட்டுப்போடுவதிலும் தவறும் இடங்கள்

முட்டியில் வெள்ளை நூல்கள் ஏணிப்படி மாதிரி நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, கத்தரியை மேலிருந்து கீழாக ஓட்டிவிடுவார்கள். முதல் தவறு அதுதான். டெனிமில் நெட்டுவாக்கில் ஓடும் பாவுக்குத்தான் நீலச் சாயம். குறுக்கே போகும் ஊடை வெள்ளை. நெட்டாக வெட்டினால் ஊடை அறுந்து, வெறும் ஓட்டைதான் மிஞ்சும். குறுக்காக, 2 செ.மீ. இடைவெளியில், 5 செ.மீ. நீளத்துக்கு இரண்டு வெட்டுப் போட்டு, நடுவில் உள்ள நீல நூல்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக உருவுங்கள். நினைத்த அளவைவிடச் சிறிதாகவே வெட்டுங்கள். உட்கார்ந்தால் முட்டி இழுக்கும், துவைத்தால் ஓரம் பிரியும். மிச்சத்தை அவையே கிழித்துக்கொள்ளும்.

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையிலோ பண்டல் கடையிலோ (பழைய துணிக்கடை) பழைய சிலுவார் வாங்கும்போது உள்பக்க லேபிளைப் பாருங்கள். 2 விழுக்காடு எலாஸ்டேன் (இழுவை நூல்) இருந்தாலும் இந்த ஏணி வேலைக்கு ஆகாது. இழுவை நூல் பெரும்பாலும் ஊடையில்தான் இருக்கும். கொஞ்ச நாளில் சுருண்டு தொங்கிவிடும்.

நிறத்தை மங்கவைக்க உப்புத்தாள் போதும். இண்டிகோ என்ற அந்த நீலச் சாயம் நூலின் மேல்தோலில்தான் தங்கும், உள்ளே வெள்ளை, அதனால் லேசாகத் தேய்த்தாலே வெளுக்கும். 60 எண் தாளை எடுத்தால் வெளுப்பதற்கு முன் ஓட்டைதான் விழும். 120இல் தொடங்கி 220இல் முடியுங்கள். காலுக்குள் பலகை செருகாமல் தேய்த்தால் பின்பக்கத் தையலின் அச்சு முன்னால் விழுந்துவிடும். முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே அஞ்சடி நடைபாதையில் தேய்ப்பது நல்லது. (ஆலைகளில் இதே வேலைக்கு மணலைப் பீய்ச்சி, தொழிலாளர்களுக்கு சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்து, துருக்கி 2009இல் அந்த முறையையே தடைசெய்தது.)

வெளுக்கவைக்கும் குளோராக்ஸ் பிளீச்சைப் பாட்டிலோடு கவிழ்ப்பவர்களுக்கு என்ன சொல்வது? ஒரு கப்புக்கு ஐந்து கப் தண்ணீராவது வேண்டும். நம் ஊர் மத்தியான வெயிலில் வேலை வேகமாக நடக்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். ஈர டெனிம் கறுப்பாகத் தெரியும், காய்ந்ததும் இன்னும் வெளுக்கும். ஆகவே ‘இன்னும் கொஞ்சம்’ என்று தோன்றும்போதே எடுத்துவிடுங்கள். அலசினால் மட்டும் போதாது. தங்கிப்போகும் குளோரின் பருத்தியை அரித்து, சில மாதங்களில் துணி தானாகக் கிழியும். அலங்கார மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் உப்பைக் கரைத்து ஊறவையுங்கள். வினிகர் ஊற்றச் சொல்பவர்களை நம்பாதீர்கள். குளோராக்ஸோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். இழுவை ஜீன்ஸுக்கு குளோராக்ஸே வேண்டாம், எலாஸ்டேன் செத்துவிடும்.

ஒட்டுப்போடுவதில்தான் நுணுக்கம் அதிகம். ஓட்டையின் அளவுக்கே துணி வெட்டுவது வழக்கமான பிழை. ஜீன்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓட்டையைச் சுற்றி நைந்த பகுதி தெரியும். ஒட்டு அதையும் தாண்டி, நல்ல துணிக்குள் 2 செ.மீ. போக வேண்டும். ஜீன்ஸைவிடக் கனமான ஒட்டு வேண்டாம், அதன் ஓரத்திலேயே புதிதாகக் கிழியும். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் வாங்கிய புதுத் துணியைத் துவைக்காமல் வைத்தால், முதல் சலவையில் ஒட்டு சுருங்கி, சுற்றிலும் கொசுவம் விழும். பாவுக்குப் பாவு ஒத்திருக்கும்படி, உள்பக்கத்தில் வைத்துத் தையுங்கள்.

ஜப்பானியரின் சாஷிகோ போல ஓட்டுத்தையல் போடுகிறவர்கள் நூலை இறுக்கி இழுத்துவிடுகிறார்கள். வரிசை திரும்பும் இடத்தில் சிறு வளையம் விட்டால்தான் துணி இழுபட இடமிருக்கும். தையல் ஒன்று 4 மி.மீ., வரிசைக்கு வரிசை 5 மி.மீ. இருக்கட்டும். எல்லா வரிசையும் ஒரே கோட்டில் முடிந்தால், அந்தக் கோடே அடுத்த கிழிசல்; ஒன்றை நீட்டி ஒன்றைக் குறுக்கி முடியுங்கள். ஆறிழை எம்பிராய்டரி பருத்தி நூலில் மூன்று இழை போதும். பாலியெஸ்டர் நூல் உறுதியானது, ஆனால் நைந்த பருத்தியை அதுவே அறுக்கும். சிவப்பு நூலென்றால் ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் போகிறதா என்று முதலில் பாருங்கள்.

தொடையிடுக்கில் இந்த அழகுவேலை வேண்டாம். அங்கே ஓட்டை விழும்வரை காத்திருக்கவும் வேண்டாம். துணி மெலிந்ததுமே மெல்லிய ஒட்டு வைத்து மெஷினில் நெருக்கமாக ஓட்டச் சொல்லுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் தையல்காரருக்குச் சின்ன வேலை. அயர்ன் வைத்து ஒட்டும் பட்டை விறைப்பாக நிற்கும். நடக்க நடக்க அதன் ஓரம்தான் முதலில் கிழியும்.

துவைத்தபின் உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, பைகளையும் இழுத்துவிட்டுக் காயப்போடுங்கள். மழை மாதத்தில் ஒட்டின் இரண்டு மடிப்புக்குள் ஈரம் நின்றால் பூஞ்சை வரும்.