மழைக்கு முன் பிடுங்க வேண்டிய வயர்கள்

தேனிப் பக்கம் ஜெராக்ஸ் கடையோடு கம்ப்யூட்டர் சர்வீஸும் பார்க்கிறேன். சித்திரையிலும் ஐப்பசியிலும் மேற்கே மலை கறுத்தாலே என் கை தானாகப் பிளக்குப் பக்கம் போய்விடும். பட்ட அடி அப்படி. ஒரு ஐப்பசி சாயங்காலம் கம்ப்யூட்டர், யுபிஎஸ் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். காலையில் பார்த்தால் மதர்போர்டு காலி. மோடத்திலிருந்து வரும் லேன் வயரைக் கழற்ற மறந்திருந்தேன். டெலிபோன் கம்பியில் வந்த மின்னல் மோடத்தையும் தின்றுவிட்டு அந்த வயர் வழியாக உள்ளே போயிருக்கிறது.

ஆகவே வெளியிலிருந்து உள்ளே வரும் எந்த உலோகக் கம்பியையும் நம்பாதீர்கள். கேபிள் டிவி வயர், மொட்டைமாடி கேமராவிலிருந்து டிவிஆருக்கு (படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) இறங்கும் வயர் எல்லாம் இதில் சேர்த்தி. "எங்கள் வீட்டில் ஃபைபர்" என்பார்கள். கண்ணாடி இழையில் கரண்ட் பாயாது, சரி. ஆனால் அந்தப் பெட்டியின் அடாப்டர் சுவரில்தானே மாட்டியிருக்கிறது?

சுவிட்சை மட்டும் அணைப்பது வீண். அது கரண்ட் வரும் பேஸ் கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி அப்படியே இருக்கும். மேகத்திலிருந்து தரை வரை காற்றைக் கிழித்து வரும் மின்னலுக்குச் சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி எம்மாத்திரம்?

மின்னல் வெட்டியதும் எண்ணுங்கள். சத்தம் 3 விநாடிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் வரும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. அதற்கு முன்பே பிடுங்கியிருக்க வேண்டும். தலைக்கு மேல் இடிக்கும்போது ஓடிப்போய் வயரைத் தொடாதீர்கள், மெஷின் போனால் போகட்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து மாட்டலாம்.

யுபிஎஸ், கரண்ட் போனால் ஃபைலை சேவ் செய்ய நேரம் தரும், அவ்வளவுதான். ஸ்பைக் பஸ்டர் என்கிற பிளக் பலகைக்குள் வேரிஸ்டர் என்று ஒன்று இருக்கும், திடீரென எகிறும் வோல்டேஜை அதுதான் தாங்கும்; அது ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும். லைட் எரிவதை வைத்து அது உயிரோடு இருக்கிறது என்று நம்ப முடியாது. டிபி பாக்ஸில் (வீட்டுக்குக் கரண்ட் பிரியும் பெட்டி) எஸ்பிடி, அதாவது எகிறி வரும் கரண்டைத் தரைக்குத் திருப்பும் கருவி, போட்டுக்கொள்வது நல்லது, ஆனால் தரைக்குப் போகும் எர்த் சரியில்லாவிட்டால் அதுவும் சும்மா. பழைய வீடுகளில் சாக்கெட்டில் எர்த்துக்கான மேல் துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கரியும் உப்பும் போட்ட எர்த் குழியென்றால் கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள்.

பேக்கப் எடுத்த ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். மெஷினிலேயே தொங்கவிட்டால் இரண்டும் சேர்ந்தே போகும்.

கடைப் பையனிடம் கணக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன்: ஆறு பிளக், மூன்று வயர். ஒன்பதும் கழன்று கிடந்தால்தான் ஷட்டரை இறக்கணும்.